எண்ணெய்ப் பெயர்களும் மரபுப் பொறியியலும்: தொகை விரித்தலின் தேவை

1. முன்னுரை

எண்ணெய் என்பது எள், நெய் என்னும் இரு சொற்கள் புணர்ந்து அமைந்த பெயர். எள்ளிலிருந்து எடுத்த நெய்யைக் குறித்த இச்சொல், நாளடைவில் வித்துகளிலிருந்து பெறும் நெய்ப்பொருள் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. மண்ணெண்ணெய் என்னுமளவிற்கு அதன் பொருள் விரிந்தது. எள்ளின் எண்ணெய்க்கு நல்லெண்ணெய் எனத் தனிப்பெயர் வேண்டியதாயிற்று. தோன்றிய இடத்தை விட்டுப் பெயர் நீங்குதல் சொற்பொருள் வரலாற்றில் இயல்பாக நிகழ்வதே.

இன்று இந்நீக்கம் சொல்லில் மட்டுமன்றிப் பொருளிலும் நிகழ்கிறது. ஒரு தாவரத்தின் வித்திலே மட்டும் அமைந்திருந்த கொழுப்பு அமிலத்தை வேறொரு தாவரத்தில் உண்டாக்க மரபுப் பொறியியல் வழிகாட்டியுள்ளது. அவ்வாறு மாற்றுவதற்கு உணவாகப் பயன்படாத தாவரங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்னும் கருத்தும் ஆய்வாளரிடையே வலுப்பெற்றுள்ளது. இத்துறைச் செய்திகளைத் தமிழில் தருவோர், கொழுப்பு அமிலங்களின் பெயர்கள் தாவரப் பெயர்களின் அடியாகப் பிறந்தவை என்பதால் ஒரு சிக்கலுக்கு உள்ளாகின்றனர். பெயர் ஒரு தாவரத்தைச் சுட்ட, பொருள் மற்றொரு தாவரத்தில் விளைகிறது. எது உண்ணத்தக்கது, எது தகாதது என்பதைப் படிப்பவர் அறியவேண்டிய இடத்தில் இம்மயக்கம் தீங்கு பயக்கக்கூடும். இத்துறையின் அடிப்படைச் செய்திகளை விளக்கி, அவற்றைத் தமிழில் எழுதுங்கால் கொள்ளத்தக்க நெறி ஒன்றைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கொழுப்பு அமிலங்களும் அவற்றின் பெயர்களும்

வித்துகளில் உள்ள எண்ணெய் பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு என்னும் வடிவில் அமைந்தது. கிளிசரால் மூலக்கூறு ஒன்றில் மூன்று இடங்கள் உண்டு. ஒவ்வோரிடத்திலும் ஒரு கொழுப்பு அமிலம் இணைந்து நிற்கும். கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்களின் நீண்ட தொடர். தொடரின் நீளம், இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கை, அவை அமையும் இடம், வேறு வேதித் தொகுதிகள் சேர்ந்திருத்தல் ஆகியவற்றால் ஓர் அமிலம் மற்றொன்றிலிருந்து வேறுபடும். நாம் உண்ணும் எண்ணெய்களில் மிகுதியாகக் காணப்படுபவை பால்மிட்டிக், ஸ்டீரிக், ஒலியிக், லினோலியிக், லினோலெனிக் முதலிய சில அமிலங்களே. இயற்கையில் உள்ள பிற தாவரங்களின் வித்துகளிலோ நூற்றுக்கணக்கான வகைகள் உள்ளன. தொழில்துறை விரும்பும் அமிலங்கள் பல இப்பிற்கூறிய வகையைச் சேர்ந்தவை.

இவற்றின் வழக்குப் பெயர்களுள் பல, அமிலம் முதலில் அறியப்பட்ட தாவரத்தின் இலத்தீன் பெயரிலிருந்து ஆக்கப்பட்டவை. லாரல் மரத்தின் பெயரால் லாரிக் அமிலமும், சாதிக்காயின் பேரினப் பெயரான மிரிஸ்டிகாவால் மிரிஸ்டிக் அமிலமும், ஆமணக்கின் பேரினப் பெயரான ரிசினஸால் ரிசினோலியிக் அமிலமும், கடுகுக் குடும்பத்துச் செடியான எருகாவால் எருசிக் அமிலமும் பெயர் பெற்றன. காட்டுச்சீரகம் எனத் தமிழ் மருத்துவர் வழங்கும் செடியின் வித்தெண்ணெயில் இருந்த ஓர் அமிலத்தின் அமைப்பு 1954ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. அச்செடிக்கு அந்நாளில் வழங்கிய பேரினப் பெயரான வெர்னோனியாவை ஒட்டி அது வெர்னாலிக் அமிலம் எனப்பட்டது.

இப்பெயர்கள் பிறப்பைக் காட்டுமேயன்றி இருப்பைக் காட்டா. லாரிக் அமிலம் உலகுக்கு மிகுதியாகக் கிடைப்பது தென்னையிலிருந்தும் எண்ணெய்ப்பனையின் பருப்பிலிருந்துமே. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழச் சரிபாதி லாரிக் அமிலமாகும். லினோலியிக் என்னும் பெயர் ஆளிவிதை எண்ணெயைக் குறிக்கும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது. ஆயினும் ஆளிவிதை எண்ணெயில் மிகுந்திருப்பது லினோலெனிக் அமிலமே. அராக்கிடோனிக் அமிலத்தின் பெயரில் நிலக்கடலையின் பேரினப் பெயர் ஒலிக்கிறது; நிலக்கடலை எண்ணெயிலோ அவ்வமிலம் இல்லை. எனவே, இப்பெயர்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி 'ஆளி அமிலம்', 'காட்டுச்சீரக அமிலம்' என வழங்க முற்படுவது, ஏற்கெனவே தளர்ந்துள்ள ஓர் உறவைப் புதிதாக இறுக்கிக் கட்டுவதாய் முடியும்.

3. மரபணு இடம்பெயர்ந்த நான்கு நிகழ்வுகள்

3.1 லாரிக் அமிலம்

பெரும்பாலான தாவரங்களின் வித்துகளில் கொழுப்பு அமிலத் தொடர் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள் வரை வளர்ந்த பின்னரே விடுவிக்கப்படும். கலிஃபோர்னியா லாரல் மரத்தின் வித்தில் உள்ள ஒரு நொதி, தொடர் 12 கார்பன் அளவை எட்டியவுடன் அதனை வெட்டி விடுவிக்கும் இயல்புடையது. அமெரிக்காவில் கால்ஜீன் நிறுவனத்து ஆய்வாளர்கள் இந்நொதிக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்து, அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வகச் சிறுசெடியில் செலுத்தி, அதன் வித்தில் லாரிக் அமிலம் சேர்வதை 1992ஆம் ஆண்டு அறிவித்தனர். பின்னர் ரேப்சீட் பயிரிலும் இது செய்யப்பட்டது. இயல்பில் லாரிக் அமிலம் இல்லாத அவ்வெண்ணெயில், ஏறத்தாழ 40 விழுக்காடு வரை அது அமைந்தது. 1995ஆம் ஆண்டு இப்பயிர் வணிக நோக்கில் விளைவிக்கப்பட்டது. எனினும் சந்தையில் நிலைபெறவில்லை. கிளிசராலின் நடு இடத்திலும் லாரிக் அமிலம் சேரும்பொருட்டுத் தென்னையிலிருந்து எடுத்த மற்றொரு மரபணுவைச் சேர்த்த ஆய்வு 1999ஆம் ஆண்டு வெளிவந்தது.

3.2 ரிசினோலியிக் அமிலம்

ஆமணக்கு வித்தின் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலியிக் அமிலமாகும். இதன் தொடரில் பன்னிரண்டாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உள்ளது. மசகு எண்ணெய், பூச்சுப் பொருள்கள், நைலான் வகைகளுள் ஒன்று ஆகியவற்றுக்கு இது மூலப்பொருள். ஆமணக்கு விளைவில் இந்தியா உலகில் முதலிடம் பெறுகிறது. அதிலும் குஜராத் மாநிலத்தின் பங்கே பெரும்பங்கு. ஆயினும் ஆமணக்கு வித்தில் ரிசின் என்னும் கொடிய நச்சுப் புரதமும், ஒவ்வாமை விளைக்கும் புரதங்களும் உள்ளன. நச்சுப் புரதம் இல்லாத வேறொரு செடியில் இவ்வமிலத்தை மட்டும் விளைவிக்க இயலுமா என்பதே ஆய்வாளர் எழுப்பிய வினா.

ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும் நொதிக்குரிய மரபணு ஆமணக்கிலிருந்து பிரிக்கப்பட்ட செய்தி 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை அராபிடாப்சிஸ் செடியில் செலுத்தியபோது, இவ்வகை அமிலங்கள் வித்தெண்ணெயில் 17 விழுக்காட்டளவிலேயே நின்றன. அமிலத்தை உண்டாக்கும் நொதி மட்டும் போதாது. உண்டான அமிலத்தைக் கிளிசராலில் கொண்டு சேர்க்கும் நொதியும் ஆமணக்கினுடையதாகவே இருத்தல் வேண்டும் என்பது இதனால் புலனாயிற்று. அத்தகைய இரண்டாம் மரபணு ஒன்றைச் சேர்த்தபின் அளவு ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்கு உயர்ந்தது என 2008ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆமணக்கின் 90 விழுக்காட்டை இது எட்டவில்லை என்பது இத்துறையின் எல்லையை உணர்த்தும்.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஹைட்ராக்சில் சேர்க்கும் இந்நொதி, எல்லா வித்துகளிலும் இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் ஒரு பொது நொதியின் நெருங்கிய உறவினது. நான்கு அமினோ அமிலங்களை மாற்றினாலே பின்னது முன்னதன் தொழிலைச் செய்யத் தொடங்கும் என 1998ஆம் ஆண்டு காட்டப்பட்டது. 'ஆமணக்கு மரபணு' என்றவுடன் ஆமணக்கின் இயல்பு முழுவதும் உடன்வரும் எனக் கருதுவது பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று.

3.3 எருசிக் அமிலம்

நெகிழித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிச் செல்வதற்காகச் சேர்க்கப்படும் பொருள் எருசிக் அமிலத்திலிருந்து செய்யப்படுகிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த கிராம்பே என்னும் செடியின் எண்ணெயில் இவ்வமிலம் 55 முதல் 60 விழுக்காடு வரை உண்டு. இச்செடி உணவுக்குப் பயன்படுவதன்று. உணவுப் பயிரான ரேப்சீட்டுடன் எளிதில் இனக்கலப்புக்கு உள்ளாவதும் அன்று. ஆகவே தொழில்துறை எண்ணெய்க்கு ஏற்ற தாவரமாக இது கருதப்படுகிறது. கிளிசராலின் நடு இடம் எருசிக் அமிலத்தை ஏற்பதில்லை. ஆதலால் மூன்றில் இரு பங்குக்கு, அதாவது 66.7 விழுக்காட்டிற்கு மேல் அது உயர வழியில்லை. அந்நடு இடத்தையும் நிரப்பவல்ல மரபணு லிம்னாந்தஸ் என்னும் செடியிலிருந்து கிடைத்தது. அதனுடன் வேறு மாற்றங்களையும் செய்து, கிராம்பேயில் 73 விழுக்காடு வரை எருசிக் அமிலம் பெற்றதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

3.4 புகையிலையின் இலை

மேற்கூறியவை மூன்றும் வித்தைப் பற்றியவை. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தார் புகையிலைச் செடியின் இலையையே எண்ணெய் சேரும் இடமாக்கினர். கொழுப்பு அமில ஆக்கத்தைத் தூண்டுவது, அதனை எண்ணெயாகச் சேர்ப்பது, சேர்ந்த துளிகளைச் சிதையாமல் போர்த்திக் காப்பது எனும் மூன்று பணிகளுக்கு மூன்று மரபணுக்கள் செலுத்தப்பட்டன. உலர்ந்த இலையின் எடையில் 15 விழுக்காட்டுக்கு மேல் எண்ணெய் சேர்ந்தது என 2014ஆம் ஆண்டு வெளியான அவர்தம் ஆய்வு கூறுகிறது. எண்ணெய்த் துளியைப் போர்த்திக் காக்கும் புரதத்துக்குரிய மரபணு எள்ளிலிருந்து எடுக்கப்பட்டது. எள்ளின் பெயரைத் தாங்கிய 'எண்ணெய்' என்னும் சொல்லை இப்புகையிலை நெய்க்கு வழங்கும்போது, சொல்லிலும் எள் இருக்கிறது. செடியிலும் எள்ளின் ஒரு கூறு இருக்கிறது. ஆனால் அது எள்ளெண்ணெய் அன்று.

4. தொகையில் மறைந்த வேற்றுமை

தமிழில் எண்ணெய்ப் பெயர்கள் பெரும்பாலும் தொகைநிலைத் தொடர்களாகும். 'வேப்பெண்ணெய்' என்பது வேம்பின் வித்திலிருந்து எடுத்த எண்ணெய் என விரியும். இங்கு ஐந்தாம் வேற்றுமை உருபும் அதன் பயனும் உடன்தொக்கன. 'விளக்கெண்ணெய்' என்பதோ விளக்குக்கு உரிய எண்ணெய் என நான்காம் வேற்றுமையாக விரியும். ஒரே பொருள் 'ஆமணக்கெண்ணெய்' எனப் பிறப்பாலும், 'விளக்கெண்ணெய்' எனப் பயனாலும் இருபெயர் பெற்று வழங்குகிறது. எந்த வேற்றுமை மறைந்துள்ளது என்பதைத் தமிழர் உலக வழக்கு அறிவால் தெளிகின்றனர். வேம்பிலிருந்து வேப்பெண்ணெயே வரும் என்பது அனைவரும் அறிந்தது.

மரபுப் பொறியியல் இவ்வுலக அறிவைப் பயனற்றதாக்குகிறது. 'ஆமணக்கு மரபணு எண்ணெய்' என ஒரு தலைப்பு இருப்பதாகக் கொள்வோம். ஆமணக்கின் மரபணுவை மாற்றிப் பெற்ற எண்ணெய், ஆமணக்கிலிருந்து எடுத்த மரபணுவை வேறொரு செடியில் செலுத்திப் பெற்ற எண்ணெய் என இருவகையாகவும் அது விரியும். முன்னதில் செடி ஆமணக்கு. ரிசின் பற்றிய எச்சரிக்கை வித்துக்கும் பிண்ணாக்குக்கும் பொருந்தும். பின்னதில் செடி வேறு. ரிசினுக்கு உரிய மரபணு அங்கு இல்லை. தொகை நீக்கப்படாமையால் வேண்டாத அச்சமோ, தகாத அச்சமின்மையோ விளையலாம்.

ஆதலின், இத்துறைச் செய்தி எதையும் தமிழில் எழுதும்போது நான்கு வேற்றுமைகளை வெளிப்படையாக விரித்துரைத்தல் நன்று. மரபணு எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது ஐந்தாம் வேற்றுமை. எச்செடியில், அதன் எவ்வுறுப்பில் செலுத்தப்பட்டுச் செயற்படுகிறது என்பது ஏழாம் வேற்றுமை. எவ்வமிலத்தை ஆக்குகிறது என்பது இரண்டாம் வேற்றுமை. எப்பயனுக்கு என்பது நான்காம் வேற்றுமை. 'ஆமணக்கிலிருந்து எடுத்த மரபணு, அராபிடாப்சிஸ் வித்தில், ரிசினோலியிக் அமிலத்தை ஆக்குகிறது. இவ்வமிலம் மசகு, பூச்சுத் தொழில்களுக்கு உரியது' என எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. மூலக் கட்டுரையில் இந்நான்கனுள் ஒன்று கூறப்படவில்லையாயின், அது கூறப்படவில்லை என்பதை மொழிபெயர்ப்பாளர் உணர்தற்கும் இம்முறை உதவும்.

5. 'உணவல்லாத' என்னும் அடை

இத்துறையில் அடிக்கடி வரும் மற்றோர் அடை 'உணவல்லாத' என்பது. தமிழில் எதிர்மறை பலவகைப்படும். 'அல்லாத' என்பது ஒன்று மற்றொன்றாதலை மறுக்கும்; 'இல்லாத' என்பது இருப்பை மறுக்கும்; 'தகாத' என்பது தகுதியை மறுக்கும்; 'கூடாத' என்பது விலக்கும். 'உணவல்லாத தாவரம்' என்றால் உணவாகக் கொள்ளப்படாத தாவரம் என்பதே பொருள். அது நச்சுடையது என்பதோ, உண்ணத்தகாதது என்பதோ அதனால் பெறப்படா. அச்செடி உணவு வழிகளில் கலவாது என்னும் பாதுகாப்பைக் கருதியே ஆய்வாளர் இவ்வடையை ஆள்கின்றனர். இதனை 'உண்ணக்கூடாத தாவரம்' எனப் பெயர்த்தால், பயன் பற்றிய கூற்று இயல்பு பற்றிய கூற்றாக மாறிவிடும்.

அன்றியும், உணவு, உணவல்லாதது என்னும் பகுப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். பருத்தி நாருக்காக விளைவிக்கப்படுவது; அதனை உணவல்லாத பயிர் எனப் பகுப்பது நூல் வழக்கு. இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட பயிராக வணிக விளைவுக்கு 2002ஆம் ஆண்டு முதன்முதல் இசைவு பெற்றதும் பருத்தியே. ஆயினும் பருத்திவிதை எண்ணெய் இந்நாட்டில் சமையலுக்குப் பயன்படுகிறது. இயல்பில் 2, 3 விழுக்காடே இருக்கும் ஸ்டீரிக் அமிலத்தை 40 விழுக்காடு வரை உயர்த்திய பருத்தி பற்றி ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு எழுதினர். அவர்கள் கருதியதும் உணவு எண்ணெயையே. பருத்தியை 'உணவல்லாத பயிர்' என்று தமிழில் எழுதி அமைவது, படிப்பவரின் அடுக்களையில் இருப்பதை மறைப்பதாகும்.

எருசிக் அமிலத்தின் நிலையும் இத்தகையதே. விலங்குகளில் இது இதயத் தசையில் கொழுப்புப் படியச் செய்வதாக ஆய்வுகள் காட்டியமையால், கனடா நாட்டில் இவ்வமிலம் குறைந்த ரேப்சீட் வகைகள் உருவாக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டு கனோலா என்னும் பெயர் பெற்றன. அவ்வெண்ணெயில் எருசிக் அமிலம் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. இந்தியக் கடுகெண்ணெயில் பொதுவாக அது 40 விழுக்காட்டிற்கு மேல் இருக்கும். வங்காளம் முதலிய பகுதிகளில் அதுவே அன்றாடச் சமையல் எண்ணெய். அவ்வெண்ணெயே அமெரிக்காவில் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்னும் குறிப்புடன் விற்கப்படுகிறது. ரேப்சீட், கடுகு, கனோலா, கிராம்பே ஆகிய நான்கையும் 'கடுகு' என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்பவர், உணவு எண்ணெயையும் நெகிழித் தொழிலுக்குரிய எண்ணெயையும் ஒரு பெயருக்குள் அடக்கிவிடுகிறார்.

இவ்வாறு பெயர் மாறினால் விளையும் தீங்கு கற்பனையன்று. 1981ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில், தொழிற்பயனுக்கென்று அனிலின் கலந்து இறக்குமதி செய்யப்பட்ட ரேப்சீட் எண்ணெய், தூய்மைசெய்யப்பட்டுச் சமையல் எண்ணெயாக விற்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 மக்கள் நோயுற்றனர். 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கு மரபுப் பொறியியல் இல்லை, மொழிபெயர்ப்புப் பிழையும் இல்லை, பேராசையே காரணம். ஆயினும், தோற்றத்தால் வேறுபடாத இரண்டு எண்ணெய்களை வேறுபடுத்திக் காட்டவல்லது அவற்றின்மேல் எழுதிய பெயரும் குறிப்புமே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. ஒரே செடி ஒரு வயலில் உணவுக்கும் அடுத்த வயலில் தொழிலுக்கும் விளையும் நிலையில், அப்பெயரின் பொறுப்பு மேலும் மிகும். உணவல்லாத தாவரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என ஆய்வாளர் கூறுவதன் உட்கருத்தும் இதுவே.

6. சொல்லாக்கம் பற்றிச் சில கருத்துகள்

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவனவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

அமிலப் பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே கொள்ளுதல் தகும். லாரிக், எருசிக், ரிசினோலியிக் என்பன தமிழ் படிப்பவருக்கு எத்தாவரத்தையும் நினைவூட்டா. மரபுப் பொறியியற் செய்திகளில் இதுவே அவற்றின் நன்மை. தூய தமிழாக்கம் வேண்டுவோர், தாவரப் பெயரை விடுத்துத் தொடரின் நீளம், பிணைப்பு ஆகியவற்றை ஒட்டிப் பெயரமைத்தல் நன்று.

செடிகளின் பெயர்களைப் பொறுத்தவரை இதற்கு மறுதலையான நெறி வேண்டும். தமிழ்ப்பெயர் உள்ள ஆமணக்கு, எள், பருத்தி, புகையிலை முதலியவற்றை அப்பெயராலேயே வழங்கவேண்டும். தமிழ்ப்பெயர் இல்லாத கிராம்பே போன்றவற்றை, உறவுச் செடியின் பெயரால் அழைக்காமல், ஒலிபெயர்த்து முதல்முறை வரும்போது 'கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த' என்பதுபோல் விளக்கம் தருதல் போதும்.

'மரபணு கலந்த', 'மரபணு ஏற்றிய' என்பன செயலைத் தெளிவாகக் கூறா. எல்லா உயிர்களிலும் மரபணு உண்டு. எண்ணெயில் அது கலக்கப்படுவதும் இல்லை. புதிய மரபணு சேர்க்கப்பட்டதா, உள்ள மரபணு அடக்கப்பட்டதா என்பதைப் பிரித்துரைத்தல் வேண்டும். மேலே காட்டிய பருத்தியில் நிகழ்ந்தது அடக்குதல். புகையிலையில் நிகழ்ந்தது சேர்த்தல். 'மரபணு மாற்றம்' என்பதை இரண்டுக்கும் பொதுப்பெயராகக் கொள்ளலாம்.

7. முடிவுரை

பெயர் தன் பிறப்பிடத்தை விட்டு நீங்குவது மொழியியலாருக்குப் புதியதன்று; எண்ணெய் என்னும் சொல்லே அதற்குச் சான்று. பொருளும் தன் பிறப்பிடத்தை விட்டு நீங்கும் காலத்தில், பெயரை மட்டும் கொண்டு பொருளை அறிதல் இயலாதாகிறது. தொகையாகச் சுருக்கிக் கூறுவது தமிழின் சிறப்புகளுள் ஒன்று. எனினும் கூறுவோனும் கேட்போனும் ஒரே உலக அறிவைப் பகிர்ந்துகொள்ளும் இடத்திலேதான் தொகை விளங்கும். அப்பகிர்வு இல்லாத துறையில் விரியே முறை. எதிலிருந்து, எதில், எதனை, எதற்கு என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை தரும் தொடரை அமைப்பதற்குச் சில சொற்கள் கூடுதலாகத் தேவைப்படலாம். ஓர் எண்ணெயை வாணலியில் ஊற்றலாமா, எந்திரத்தில் ஊற்றவேண்டுமா என்பதை அறிய விரும்பும் எளிய மக்களுக்கு அச்சொற்கள் மிகையாகா.